தாத்தா குரலும் ஒரு ஜோடி மானிட்டரும்

மானிட்டர் என்றதும் கணினித் திரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பேசுகிறவன் பேரையெல்லாம் போர்டில் எழுதி வைத்து வாத்தியாரிடம் போட்டுக் கொடுப்பானே, அந்த மானிட்டரும் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் சொல்ல வந்த சாமானும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. பாட்டுப் பதிவு செய்யும் இடங்களில் ஒலிப்பதிவாளர் முன்னால் இருக்கும் ஸ்பீக்கருக்குப் பேர் ஸ்டூடியோ மானிட்டர். பதிவில் எங்கே தப்பு இருக்கிறது என்று ஒளிக்காமல் போட்டுக் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம்.

பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

எங்கம்மாவின் அப்பா, மார்கழி மாதம் முழுக்க ஊரில் பஜனை கோஷ்டிக்கு முன்னால் பாடிக்கொண்டு போகிறவர். நல்ல கட்டைக் குரல். 1986ல் மாமா யாரிடமோ டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்து, தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு அறுபது நிமிட கேசட் முழுக்கப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். சில வருடம் முன்பு அக்கா வீட்டுப் பரணிலிருந்து அதை எடுத்து வந்து, இங்கே புனேயில் கணினியில் ஏற்றி, இரைச்சல், உறுமல் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். என்னிடம் இருந்தது மேசைக்கு அடியில் ஒரு சப்-ஊஃபர் டப்பாவும் மேலே ரெண்டு குட்டி ஸ்பீக்கரும் உள்ள கணினி செட். தாத்தா குரல் அதில் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி 'பொம்' என்று வந்தது. அந்த 'பொம்'மையும் ஈக்வலைசரில் பார்த்துப் பார்த்து வெட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

அம்மா போனில் சொன்னது: "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா எங்கப்பா மாதிரி இல்லையே. யாரோ சின்னப் பையன் பாடற மாதிரி இருக்கு."

அந்த ஒரு வரியில் ஆரம்பித்ததுதான் இவ்வளவும். ஸ்பீக்கர் வாங்கலாம் என்று படிக்க உட்கார்ந்தவன், ஸ்பீக்கரின் சரித்திரத்துக்குள் விழுந்துவிட்டேன். விழுந்தது நல்லதற்குத்தான். எதை வாங்குவது, எங்கே வைப்பது என்ற ரெண்டு கேள்விக்கும் பதில் அங்கேதான் கிடைத்தது.

ஆரம்பத்தில் ஸ்டூடியோ ஸ்பீக்கர் என்றால் பூதம் சைஸ். 1940களில் அமெரிக்காவில் ஆல்டெக் லான்சிங் கம்பெனி கொண்டு வந்த 604 என்ற மாடலைச் சொல்லலாம். பதினைந்து அங்குலக் கூம்பு, அதன் நடுவிலேயே உச்சஸ்தாயிக்கு ஒரு ஹார்ன். பல பத்தாண்டுகள் அமெரிக்க ஸ்டூடியோக்களில் இதன் ராஜ்ஜியம்தான். அந்த கம்பெனி பேரில் இருக்கும் லான்சிங், ஜேம்ஸ் பி. லான்சிங். 1946ல் அங்கிருந்து விலகி தன் பெயரிலேயே இன்னொரு கம்பெனி தொடங்கினார். ஜேபிஎல் என்று நாம் கடைகளில் பார்ப்பது அவர் பெயரின் முதலெழுத்துகளைத்தான். கம்பெனி நிலைபெறுவதைப் பார்க்க அவர் இல்லை, 1949லேயே கடன் சுமையில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த மாதிரிப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பெரிய அறை வேண்டும். அறை நன்றாக இல்லை என்றால் ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதானாலும் பிரயோஜனம் இல்லை. ஒலி நேராகக் காதுக்கு வருவதைவிட சுவரில் பட்டுத் திரும்பி வருவது அதிகமாகிவிடும். அப்புறம் நாம் கேட்பது பாட்டையா, சுவரையா?

இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் பிபிசிக்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்கு ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி பதிவு செய்யும் வேன்கள் உண்டு. வேனுக்குள் பூதத்தை எப்படி ஏற்றுவது? 1970களின் முதல் பாதியில் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவு எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. முப்பது சென்டிமீட்டர் உயரம், ஒரு பெரிய டிபன் கேரியர் அளவு. இதன் பூர்வீகமும் சுவாரசியம். கச்சேரி மண்டபங்களை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி, அதற்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைக்காகச் செய்த சின்ன ஸ்பீக்கர்தான் பின்னால் வேனுக்குள் போனது.

பிபிசி பொறியாளர்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஸ்பீக்கரைச் சோதிக்க மனுஷப் பேச்சையும் பயன்படுத்தினார்கள். தெரிந்த ஒருவர் நேரில் பேசுவதையும் ஸ்பீக்கர் வழியாக வரும் அதே குரலையும் ஒப்பிட்டுக் கேட்டார்கள். காரணம் எளிது. நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்பது மனுஷக் குரல். அதில் இம்மி மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். எங்கம்மா செய்ததும் அதேதானே! மீட்டர், கிராஃப் எதுவும் இல்லாமல் ஒரே வரியில் தீர்ப்பு.

எல்எஸ்3/5ஏவிலும் ஒரு சின்னப் பொய் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அளவுப் பெட்டியில் அடிநாதம் வராது. அது இருப்பதுபோலக் காதுக்குத் தோன்ற, கீழ்ப்பகுதியில் ஒரு லேசான மேடு உண்டு. நூறு சதவீதம் அரிச்சந்திரன் ஸ்பீக்கர் என்று உலகத்தில் எதுவும் இல்லை. எது எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் விஷயம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்தார்கள். ஜாக் வில்சன் என்பவர் 1958ல் தொடங்கிய ஆரடோன் கம்பெனியின் 5சி என்ற மாடல் ஒரு சின்ன கனசதுரப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு கூம்பு. அடியும் வராது, உச்சமும் வராது. குரல் இருக்கிற நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று வரும். ஸ்டூடியோக்காரர்களே அதைக் கிண்டலாக 'ஹாரர்டோன்' என்பார்கள். ஆனால் கழற்றி வைக்க மாட்டார்கள். ஏனென்றால் வெளியே ஜனங்கள் பாட்டுக் கேட்பது கார் ரேடியோவிலும் டிவிப் பெட்டியிலும். அங்கே எப்படிக் கேட்கும் என்று இந்தப் பெட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். 1982ல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்திய ஸ்பீக்கர்களில் ஆரடோனும் ஒன்று.

அடுத்து வருகிறவர்தான் இந்தக் கதையின் கதாநாயகன். யமஹா என்எஸ்-10. கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு. எந்த ஸ்டூடியோப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் மிக்ஸர் மேல் உட்கார்ந்திருக்கும். அகிரா நகாமுரா வடிவமைத்து 1978ல் வெளிவந்தது. ஸ்டூடியோவுக்கு இல்லை, வீட்டுக்கு! வரவேற்பறை அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்க. அங்கே படுதோல்வி. உச்சஸ்தாயி காதைக் குத்துகிறது, அடியே இல்லை என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். ஆனால் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் வேலை செய்யும் ஒலிப்பதிவாளர்களுக்கு இது பிடித்துப் போனது. ஒவ்வொரு இடத்திலும் அறை வேறு, சுவரில் பதித்த பெரிய ஸ்பீக்கர் வேறு. கூடவே தூக்கிக்கொண்டு போக ஒரு ஜோடி தெரிந்த முகம் வேண்டும் இல்லையா? அமெரிக்காவில் பாப் கிளியர்மவுண்டன் போன்ற பேர் பெற்ற கலைஞர்கள் இதில் வேலை செய்ததும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். உச்சத்தின் குத்தலைக் குறைக்க ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டுவது அந்தக் காலத்து வைத்தியம். அதில் எந்தப் பேப்பர், எத்தனை மடிப்பு என்று சண்டை வேறு :-) கடைசியில் 1987ல் யமஹாவே குத்தலைக் குறைத்து ஸ்டூடியோவுக்கென்று ஒரு மாடல் விட்டது.

தோற்ற ஸ்பீக்கர் ஏன் ஜெயித்தது? 2001ல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட், ஜூலியஸ் நியூவெல் என்ற மூன்று பேர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக அளவீடுகளை வைத்து, பல ஸ்பீக்கர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என்எஸ்-10 மூடிய பெட்டி. காற்றுப் போக ஓட்டை கிடையாது. அதனால் அடியில் ஒலி நின்றதும் கூம்பும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஓட்டை வைத்த பெட்டிகளில் அடிநாதம் அதிகம் கிடைக்கும், ஆனால் ஒலி நின்ற பிறகும் கொஞ்சம் இழுக்கும். மிருதங்கத்தில் தொப்பியை அடித்ததும் கை வைத்து அடக்குவதற்கும் அப்படியே விடுவதற்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2001ல் கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் யமஹா அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2008ல் அதற்கு டெக்னிக்கல் கிராமி விருது. செத்த பிறகு சிலை வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

நிற்க. இதில் நான் பிடித்துக்கொண்ட பாடம் ஒன்று. மிக்ஸர் மேல் வைத்தால் ஸ்பீக்கர் காதிலிருந்து மூன்று, நான்கு அடியில் இருக்கும். கிட்டத்தில் இருந்தால் நேர் ஒலி பலமாக வரும், சுவர் ஒலி அடங்கும். அறையோடு சண்டை போடாமல் அறையைக் கொஞ்சம் விலக்கி வைக்கிற உபாயம். 'நியர்ஃபீல்ட்' என்று இன்று எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருப்பது இதைத்தான்.

விலை எப்படிக் கீழே வந்தது என்பது இன்னொரு கிளைக் கதை. பழைய ஸ்பீக்கர்களுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பின்லாந்தில் ஈசால்மி என்ற சிற்றூரில் 1978ல் தொடங்கிய ஜெனலெக், அந்நாட்டு வானொலிக்காக ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்த மானிட்டரைச் செய்தது. அடிக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று என்று கூம்புக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயர்கள். வாங்குகிறவன் பொருத்தம் பார்த்து அலைய வேண்டாம். 1990களில் வீட்டிலேயே பதிவு செய்யும் கருவிகள் மலிவானதும் இந்த முறையும் மலிவுப் பெட்டிகளுக்கு இறங்கி வந்தது. 1986ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கேஆர்கேயின் மஞ்சள் கூம்பு ராக்கிட், 2005ல் என்எஸ்-10ன் வெள்ளைக் கூம்பை நினைவுபடுத்திக்கொண்டு வந்த யமஹா எச்எஸ் வரிசை, 2013ல் ஜேபிஎல் எல்எஸ்ஆர்305 என்று வரிசையாக வந்தன. நம் நாட்டிலும் 1970ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் மானிட்டர்களைச் செய்தது.

வீட்டில் ஸ்டூடியோ என்பதும் நமக்குப் புதிதில்லை. ஏ.ஆர். ரஹ்மான் தன் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் அமைத்தது 1989ல். 'ரோஜா' வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1992ல்.

சரி, சரித்திரம் படித்தாயிற்று. மும்பை லாமிங்டன் ரோடு வரை போய் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்து அங்குலக் கூம்பு வைத்த ஒரு ஜோடி மானிட்டர் வாங்கி வந்தேன். தங்கமணி விலையைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேசை மேல் வைத்து, கேசட்டிலிருந்து எடுத்த மூலப் பதிவைப் போட்டேன்.

அதே 'பொம்'. தாத்தா மறுபடியும் பானைக்குள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் இணையத்தில் படித்ததை வைத்து, 112 ஹெர்ட்ஸில் ஒரு சுத்தமான ரீங்காரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டு வந்த தங்கமணி பாதி அறையில் நின்றுவிட்டார். "என்ன இது, நடக்க நடக்க சத்தம் ஏறி இறங்குது?" என்றார். எழுந்து நடந்து பார்த்தேன். நிஜம்தான். சுவரோரம் பலமாக, ரெண்டரை அடி தள்ளி வந்தால் பூனை மாதிரி அடங்கி, அறை நடுவில் மறுபடி பலமாக. என் நாற்காலி இருந்தது மிகச் சரியாக அந்த நடுவில். ஏன் அங்கே போட்டேன்? ஃபேன் அங்கேதான் இருக்கிறது!

கணக்கு இதுதான். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு இடையே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். அதன் இரட்டிப்பால் வேகத்தை வகுத்தால் சுமார் 56. அதுதான் அந்த அறை தானாகவே பாடுகிற முதல் சுரம். அதன் மடங்குகளான 112, 168 அடுத்தடுத்த சுரங்கள். அறை நடுவில் உட்கார்ந்தால் 56 காணாமல் போகும், 112 பூதாகாரமாகும். ஆண் குரலின் அடித்தளம் இருப்பதே அந்த 112ஐச் சுற்றித்தான். நீளம் பத்து, அகலம் பத்து, உயரமும் ஏறக்குறைய பத்து என்று நம்ம ஊர் 'டென் பை டென்' ரூமில் மூன்று பக்கமும் ஒரே சுரத்தைப் பாடும். கூடவே மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், ஒரு இரும்பு பீரோ. எதிரொலிக்கு வேறென்ன வேண்டும்?

நான் வெட்டி எறிந்தது இரைச்சலை இல்லை. என் அறையின் பானையைத் தாத்தாவின் தொண்டை என்று நினைத்து, தாத்தாவின் அடிக்குரலை வெட்டியிருக்கிறேன். எங்கம்மா வீட்டுக் கூடத்தில் அந்தப் பானை இல்லை. அதனால் அங்கே மிஞ்சியது சின்னப் பையன்.

அதற்குப் பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மேசையைச் சுவரோடு நகர்த்தினேன். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம், அதாவது பத்தடி அறையில் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக, தலை இருக்கும்படி உட்கார்ந்தேன். இது ஆரம்பப் புள்ளிதான், வேதவாக்கு இல்லை. இடது பக்கமும் வலது பக்கமும் சுவர் சம தூரத்தில். ரெண்டு ஸ்பீக்கரும் என் தலையும் மூன்றடிப் பக்கம் உள்ள சமபக்க முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்தில், என்னைப் பார்த்துத் திரும்பி. மேசை சேர்ந்து அதிராமல் இருக்க ஸ்பீக்கர் அடியில் கெட்டி ஃபோம். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் அடி ஏறும், அதைக் குறைக்கப் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போட்டேன். பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தில் ரெண்டு பக்கமும் புத்தக அலமாரி. தரையில் ஜமக்காளம். மூலைகளில் ஊரிலிருந்து கொண்டு வந்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். பீரோ அடுத்த அறைக்குப் போனது. 'பொம்' முழுக்கப் போகவில்லை. ஆனால் எது தாத்தா, எது சுவர் என்று பிரித்துச் சொல்கிற அளவுக்கு அடங்கியது.

வாங்கப் போகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலம் போதும். எட்டு அங்குலம் வாங்கினால் காசு கொடுத்துப் பானையை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால் 230 வோல்ட்டுக்கு ஆனதா என்று பாருங்கள். பேலன்ஸ்டு கேபிளும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் பாதி உறுமல் வராது. வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், ஸ்பீக்கருக்காக மட்டும் இல்லை. சத்தத்தை எப்போதும் ஒரே அளவில் வையுங்கள். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள், சத்தம் குறைந்தால் காதுக்கு அடிநாதம் கேட்பது குறையும் என்று. நேற்று சத்தமாகவும் இன்று மெதுவாகவும் கேட்டு எடுக்கும் முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. காசு மிச்சம் இருந்தால் இன்னும் நல்ல ஸ்பீக்கருக்குப் போவதற்கு முன்னால் அறைக்குச் செலவழியுங்கள். பிபிசியின் வேனிலிருந்து மிக்ஸர் மேல் ஏறிய என்எஸ்-10 வரை இந்த எழுபது, எண்பது வருடக் கதையில் பாதிக்கு மேல் அறையோடு நடந்த சண்டைதான்.

மூலக் கேசட்டின் நகலை அழிக்காமல் வைத்திருந்தேன், அது எந்த ஜென்மத்துப் புண்ணியமோ. இந்த முறை மிகக் கொஞ்சமாகத்தான் கை வைத்தேன். கரண்ட் உறுமலை மட்டும் எடுத்தேன். திண்ணைச் சத்தம், இருமல், நடுவில் யாரோ சொம்பை வைக்கிற சத்தம் எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். அம்மாவுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் காலை வரை போன் செய்யவில்லை.

அவராகவே செய்தார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நடுவுல ஒரு நாய் குரைக்குதே, அது நம்ம மணிதானேடா?" என்றார்.

முதல் தடவை அந்தக் குரைப்பையும் நான் துடைத்து எறிந்திருந்தேன். மணிதான்மா என்றேன்.